மனை எண் ஒன்று, பிணை யாருடையது?

சிராங்கூன் சாலை சீனிவாசப் பெருமாள் கோயில் நிற்கும் நிலம் ஒரு காலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் வசம் இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் கம்பெனி அதை நரசிங்கம் என்பவருக்கு 26 ரூபாய் 8 அணாவுக்கு விற்றது. 1855இல் அங்கே பெருமாளுக்குக் கோயில் எழும்பியது. 1978இல் அது தேசிய நினைவுச் சின்னமானது. இன்று கோயிலை நிர்வகிப்பது இந்து அறக்கட்டளை வாரியம். கோயிலை ஒட்டிப் போகும் தெருவுக்கே பெருமாள் சாலை என்றுதான் பெயர். ஃபேரர் பார்க் எம்ஆர்டி நிலையம் அங்கிருந்து கூப்பிடு தூரம்.

ஒன்றரை நூற்றாண்டைத் தாண்டியும் அந்த விலை அணா பிசகாமல் நமக்குத் தெரிகிறது. ஆவணத்தின் பெருமை அது. ஆனால் ஒரு விற்பனை எழுதி வைக்கப்பட்டிருப்பது வேறு, எழுதியபடி உரிமை இருக்கிறது என்று அரசே பிணை நிற்பது வேறு. சொத்து ஆவணங்களை எல்லாம் ஒரே கணினி அமைப்புக்குள் கொண்டுவர வேண்டும் என்று ஊருக்கு ஊர் பேசப்படும் இந்தக் காலத்தில், இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொள்வதுதான் பெரிய ஆபத்து.

ஃபேரர் பார்க் வட்டாரத்தையே எடுத்துக்கொள்ளலாம். 1843 பிப்ரவரியில் இங்கே முதல் குதிரைப் பந்தயம் நடந்தது. ரேஸ் கோர்ஸ் சாலை என்ற பெயர் அதன் மிச்சம். 1911 மார்ச்சில் சிங்கப்பூரின் முதல் விமானம் பறந்ததும் இந்தத் திடலில்தான். 1933இல் பந்தயம் புக்கிட் தீமாவுக்குப் போனது. பிறகு இது விளையாட்டுத் திடலாகி, 1919 முதல் 1931 வரை நகராட்சித் தலைவராக இருந்த ரோலண்ட் ஜான் ஃபேரரின் பெயரைப் பெற்றது. 1942 பிப்ரவரி 17 அன்று, சரணடைந்த பிரிட்டிஷ் இந்தியப் படையின் ஏறத்தாழ 45,000 வீரர்கள் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டதும் இங்கேதான். இந்திய தேசிய ராணுவத்தின் வரலாறு அந்தக் கூட்டத்திலிருந்து பிறக்கிறது. இப்போது அந்தத் திடலைச் சுற்றி வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) அடுக்குமாடிகள், கடைவீடுகள், மருத்துவமனை, ஹோட்டல், கடைத்தொகுதி. தரைக்கு அடியில் வடகிழக்கு ரயில் பாதை.

இப்படித் திரும்பத் திரும்ப உருமாறிய மண்ணில், எந்தத் துண்டு யாருடையது என்று கேட்டால் பழைய காலத்தில் பதில் சொல்வது சுலபமாக இருக்கவில்லை. காலனி ஆட்சி தந்த நிலங்களில் நிரந்தர உரிமையும் உண்டு, 999 ஆண்டுக் குத்தகையும் உண்டு, 99 ஆண்டுக் குத்தகையும் உண்டு. இன்றும் ஒரே தெருவில் அடுத்தடுத்து நிற்கும் இரு கடைவீடுகள் வெவ்வேறு வகை உரிமையில் இருக்கலாம். அன்று இருந்தது பத்திரப் பதிவு முறை. பதிவகம் காகிதத்தைப் பதிந்துகொள்ளும். விற்றவருக்கு விற்க உரிமை இருந்ததா என்று அது சொல்லாது. அதைக் கண்டுபிடிப்பது வழக்கறிஞரின் பாடு. பத்திரத்துக்கு முந்தைய பத்திரம், அதற்கும் முந்தையது என்று பின்னோக்கிப் போய், நடுவில் கண்ணி அறுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒருவர் உயில் எழுதாமல் இறந்திருந்தால், ஒரு வாரிசு கடல் தாண்டிப் போயிருந்தால், ஓர் அடமானம் தீர்க்கப்பட்டதற்குக் காகிதம் இல்லாவிட்டால், விற்பனை நின்றுபோகும். தமிழ்நாட்டில் மூலப்பத்திரத்தைத் தேடி அலைந்தவர்களுக்கு இது விளங்கும்.

இதற்கு மாற்று ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. அயர்லாந்தில் பிறந்த ராபர்ட் டாரன்ஸ் 1858இல் தெற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு சட்டம் கொண்டுவந்தார். அதன் சாரம் இதுதான்: பத்திரங்களின் சங்கிலி வேண்டாம், அரசு ஓர் ஏடு வைத்திருக்கும், ஏட்டில் எவர் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர். மோசடி போன்ற சில விதிவிலக்குகள் தவிர அந்தப் பெயரை அசைக்க முடியாது. ஏடு தவறி, அதனால் ஒருவர் தம் நிலத்தை இழந்தால் அவருக்கு இழப்பீடு தர ஒரு நிதியும் உண்டு. சிங்கப்பூர் இந்த முறைக்கான நில உரிமைச் சட்டத்தை 1956இல் இயற்றி 1960இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அடுக்குமாடி வீடுகளுக்கான தனிச் சட்டம் 1967இல் வந்தது. பிறகு பழைய பத்திரங்கள் ஒவ்வொன்றாக ஆராயப்பட்டு, எல்லை அளக்கப்பட்டு, புதிய ஏட்டுக்கு ஏறின. இந்த வேலை ஆண்டுக் கணக்கில் அல்ல, பல பத்தாண்டுகளாக நடந்தது. இன்று தீவின் ஏறக்குறைய எல்லா நிலமும் அந்த ஏட்டில் இருக்கிறது.

கணினி அதற்குப் பிறகுதான் வந்தது. இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும்.

1998இல் இன்லிஸ் என்ற இணையச் சேவை வந்தது. கட்டணம் செலுத்தி ஒரு சொத்தின் உரிமை விவரத்தை எவரும் பெறலாம் என்றானது. 2001 ஜூன் 1 அன்று நில அலுவலகம், நிலப் பதிவகம், அளவைத் துறை, நிலத் தகவல் அமைப்புகளைக் கவனித்த பிரிவு ஆகிய நான்கும் சேர்ந்து சிங்கப்பூர் நில ஆணையம் ஆயின. அதே காலகட்டத்தில் பதிவு ஏடும் மின்னேடானது. 2004இல் மனை எல்லைகள் அனைத்தும் ஒரே ஆயத்தொலை அமைப்பில் குறிக்கப்படத் தொடங்கின. 2010இல் ‘ஒன்மேப்’ வரைபடம் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது.

ரேஸ் கோர்ஸ் சாலையில் ஒரு கடைவீடு கைமாறும்போது என்ன நடக்கிறது என்று கிட்டே போய்ப் பார்த்தால்தான் இந்த ஏற்பாட்டின் சூட்சுமம் பிடிபடும். வாங்குபவர் வழக்கமாக விலையில் 1 விழுக்காட்டைக் கொடுத்து வாங்கும் விருப்புரிமையைப் பெறுகிறார். அதைப் பயன்படுத்த முடிவு செய்ததும் அவருடைய வழக்கறிஞர் நில ஆணையத்தின் ஏட்டில் ‘கேவியட்’ போடுகிறார். இந்தச் சொத்தில் எனக்கு உரிமைக் கோரிக்கை இருக்கிறது, என்னைக் கேட்காமல் இன்னொருவருக்கு மாற்றாதீர்கள் என்று உலகுக்கு அறிவிக்கும் குறிப்பு அது. ஒரே வீட்டை இருவருக்கு விற்கும் பித்தலாட்டத்துக்கு அந்த ஒரு வரி தாழ்ப்பாள் போட்டுவிடுகிறது. அடுத்து, இன்லிஸ் வழியாகவே வெவ்வேறு அமைப்புகளுக்குக் கேள்விகள் போகின்றன. சாலை அகலப்படுத்த இந்த மனையிலிருந்து நிலம் எடுக்கப்படுமா, ரயில் சுரங்கத்தின் பாதுகாப்பு வட்டத்துக்குள் இது வருகிறதா என்று நிலப் போக்குவரத்து ஆணையத்திடம். வடிகால் காப்பு நிலம் குறுக்கே போகிறதா என்று பொதுப் பயனீட்டுக் கழகத்திடம். என்ன பயன்பாட்டுக்கு ஒதுக்கப்பட்ட இடம் என்று நகர மறுசீரமைப்பு ஆணையத்திடம். வரி பாக்கி உண்டா என்று உள்நாட்டு வருவாய் ஆணையத்திடம்.

ஆக, எல்லாத் தகவலும் ஒரே பெட்டியில் கொட்டப்படவில்லை. உரிமை யாருடையது என்று சொல்ல ஒரே ஓர் அமைப்பு. ஆண்டு மதிப்பைச் சொல்ல இன்னொன்று. நிலப் பயன்பாட்டைச் சொல்ல மற்றொன்று. ஒருவர் பொறுப்பில் உள்ளதை மற்றவர் நகலெடுத்துத் தனியாகத் திருத்திக்கொள்வதில்லை. எல்லாவற்றையும் கோக்கும் நூலாக மனை எண் இருக்கிறது. அளவைத் துறை கொடுக்கும் அந்த எண்ணின் கடைசியில் சரிபார்ப்புக்கென்று ஓர் எழுத்து வேறு உண்டு. ஓர் இலக்கத்தை மாற்றி அடித்துவிட்டால் எழுத்து பொருந்தாமல் காட்டிக்கொடுத்துவிடும். கணினி நிறுவனங்கள் விற்கும் ‘ஒருங்கிணைந்த தீர்வு’ எதையும்விட இந்தச் சின்ன ஒழுங்கு மதிப்புமிக்கது என்பேன்.

சிங்கப்பூருக்கு இது எளிது என்ற வாதத்தில் உண்மை இருக்கிறது. இங்கே நகரமும் நாடும் ஒன்றே. நகராட்சி வசூலித்துவந்த வரி, 1961 ஜனவரியில் நடப்புக்கு வந்த சொத்து வரிச் சட்டத்தின் கீழ் தேசிய அரசின் வரியானது. 1992 முதல் உள்நாட்டு வருவாய் ஆணையம் அதை வசூலிக்கிறது. மோதிக்கொள்ள உள்ளாட்சி அமைப்பு இல்லை. நில உடைமையும் அரசின் பக்கமே சாய்ந்தது. 1960இல் 44 விழுக்காட்டு நிலம் அரசிடம் இருந்தது. 1966இன் நில எடுப்புச் சட்டத்தின் துணையோடு 1985க்குள் அது 76 விழுக்காடு ஆனது. பெரும்பான்மை நிலத்துக்குத் தானே சொந்தக்காரனாக இருக்கும் அரசு, ஏட்டை ஒழுங்காக வைத்திருப்பதில் வியப்பில்லை. நிலம் எடுக்கப்பட்ட கம்போங் கிராமங்களின் மக்களுக்கு அந்த ஒழுங்கு எப்படித் தெரிந்தது என்பது தனியாக எழுதப்பட வேண்டிய கதை.

உள்ளாட்சிகள் பல இருக்கும் நாட்டில் இதே வேலை எவ்வளவு மெதுவாக நகரும் என்பதற்கு இங்கிலாந்து சாட்சி. அங்கே மனைகள் மீதான உள்ளூர்க் கட்டுப்பாடுகளின் பதிவேட்டை 300க்கும் மேற்பட்ட உள்ளாட்சி மன்றங்கள் தனித்தனியே வைத்திருந்தன. அவற்றை ஒரே தேசியப் பதிவேட்டுக்கு மாற்ற 2015இல் சட்டம் வந்தது. 2018 ஜூலையில் வாரிக் மன்றம் முதலாவதாக மாறியது. மற்றவை ஒவ்வொன்றாகத்தான் வந்து சேர்கின்றன. காரணம், பல மன்றங்களில் அவை அட்டைகளாகவும் கையெழுத்து ஏடுகளாகவும் இருந்தன. ஒவ்வோர் அட்டையையும் படித்து, அது எந்த மனையைக் குறிக்கிறது என்று வரைபடத்தில் பொருத்த மனிதக் கண் வேண்டும். அவசரப்பட்டு அள்ளிப்போட்டால் பழைய பிழைகள் புதிய அமைப்பில் நிரந்தரமாகிவிடும்.

தமிழ்நாட்டில் நடந்தது கிட்டத்தட்ட அதுதான்.

ஃபேரர் பார்க்கில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு ஊரில் கொஞ்சம் நிலம் இருக்கும். தாத்தா பெயரில் ஒரு மனையோ, அப்பா வாங்கிப்போட்ட வயலோ. அந்த நிலத்துக்கு மூன்று அலுவலகங்கள் மூன்று அடையாளம் வைத்திருக்கின்றன. வருவாய்த் துறைக்குப் புல எண்ணும் பட்டா எண்ணும். பதிவுத் துறைக்கு ஆவண எண். ஊராட்சிக்கோ நகராட்சிக்கோ வீட்டு வரி விதிப்பு எண். பத்திரம் ஒருவர் பெயரிலும் பட்டா இன்னொருவர் பெயரிலும் வரி ரசீது இறந்துபோனவர் பெயரிலும் இருப்பது யாருக்கும் அதிசயமாகத் தெரிவதில்லை. 1980களில் நடந்த ‘யுடிஆர்’ எனும் நில உடைமைப் பதிவு மேம்பாட்டின்போது ஏறிய பிழைகளைத் திருத்த இன்றைக்கும் மக்கள் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு நடக்கிறார்கள். பட்டாவும் சிட்டாவும் கணினிக்கு ஏறியபோது அந்தப் பிழைகளும் கூடவே ஏறின. கையெழுத்து ஏட்டில் இருந்தவரை கிராம நிர்வாக அலுவலருக்கு அது பிழை என்று தெரியும். திரையில் வந்த பிறகு தெரியாதவருக்கு அதுவே உண்மை.

நல்லது நடக்கவே இல்லை என்று சொல்ல முடியாது. 2018இல் வந்த ‘ஸ்டார் 2.0’ மென்பொருளால் பத்திரப் பதிவு இணையத்துக்கு வந்தது. வில்லங்கச் சான்றிதழை வீட்டிலிருந்தே பார்க்கலாம். உட்பிரிவு தேவைப்படாத நிலங்களுக்குப் பதிவு முடிந்ததும் பட்டா தானாக மாறும் ஏற்பாடும் வந்திருக்கிறது. சிங்கப்பூரில் வேலை செய்யும் ஒருவருக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பதை விடுமுறையை எல்லாம் தாலுகா அலுவலகத்தில் கழித்தவர்தான் சொல்ல முடியும். ஆனால் அடித்தளம் மாறவில்லை. 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின்படி சார்பதிவாளர் ஆவணத்தைத்தான் பதிகிறார், உரிமையை அல்ல. விற்பவர் தம் மூலப்பத்திரத்தைக் காட்ட வேண்டும் என்று தமிழ்நாடு 55-ஏ விதியைக் கொண்டுவந்தது. நோக்கம் நியாயமானதுதான், போலிப் பதிவுகளைத் தடுப்பது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், விற்பவரின் உரிமையை விசாரிக்கும் அதிகாரத்தைத் தாய்ச் சட்டம் சார்பதிவாளருக்குத் தரவில்லை என்று கூறி, அந்த விதியின் முதல் பகுதியை ரத்து செய்தது. சட்டம் தராத பொறுப்பை விதியாலோ மென்பொருளாலோ உண்டாக்க முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

அப்படியானால் சட்டத்தையே மாற்றிவிடலாமே? ஆந்திரம் அதைச் செய்து பார்த்தது. 2022இல் அது இயற்றிய நில உரிமைச் சட்டம், டாரன்ஸ் வழியில் உரிமைக்கு அரசு உத்தரவாதம் தரும் முயற்சி. 2023 அக்டோபர் இறுதியில் அது நடப்புக்கு வந்ததும் வழக்கறிஞர்கள் தெருவுக்கு வந்தார்கள். உரிமைத் தகராறை உரிமையியல் நீதிமன்றத்திடமிருந்து பிடுங்கி அதிகாரியிடம் கொடுக்கிறார்கள் என்பது அவர்களுடைய குற்றச்சாட்டு. 2024 தேர்தல் மேடைகளில் அது பெரும் பேச்சானது; ஆட்சி மாறியது; புதிய அரசு சட்டத்தையே நீக்கிவிட்டது. ஒரு நல்ல கருத்து இப்படி வீணாய்ப் போனதில் வருத்தம் உண்டு. ஆனால் விவசாயியின் அச்சத்தை அறியாமை என்று ஒதுக்கக் கூடாது. ஏட்டில் இருப்பதே இறுதி என்றால், ஏட்டை எழுதுகிறவர் மீது நம்பிக்கை வேண்டும். அந்த நம்பிக்கை தாலுகா அலுவலக வாசலில் என்றைக்கோ தொலைந்துவிட்டது.

இலங்கையின் வடக்கில் அச்சத்துக்கு இன்னும் ஆழமான காரணம் உண்டு. 2025 மார்ச் 28 அன்று வெளியான அரசிதழ் அறிவிப்பு ஒன்று, யாழ்ப்பாணம், முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார் மாவட்டங்களில் ஏறத்தாழ 5,900 ஏக்கர் நிலத்துக்கு உரிமை கோருவோர் 3 மாதங்களுக்குள் வர வேண்டும், தவறினால் அது அரசு நிலமாகக் கொள்ளப்படலாம் என்றது. போரில் வீட்டோடு உறுதிப் பத்திரமும் எரிந்தவர்கள், பல முறை இடம்பெயர்ந்தவர்கள், கனடாவிலும் பிரான்சிலும் இருப்பவர்கள், தமிழ்நாட்டு முகாம்களில் இருப்பவர்கள் 3 மாதத்தில் எதைக் கொண்டுவருவார்கள்? எதிர்ப்பு வலுத்தது, ஜூன் இறுதியில் உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. நிலத்தை ஒழுங்காகப் பதிவது நல்ல காரியம்தான். ஆனால் வர முடியாதவரின் இல்லாமையை அவருடைய உரிமை இன்மையாக எழுதிக்கொள்ளும் ஏடு, எவ்வளவு நவீனமானாலும் அநீதியின் ஏடு.

சிங்கப்பூரின் ஏட்டுக்கும் காணாத கண் உண்டு. 2023 ஆகஸ்டில் 10 வெளிநாட்டினர் கைதான பணமோசடி வழக்கில் 300 கோடி வெள்ளிக்கு மேற்பட்ட சொத்துகள் சிக்கின; அவற்றில் 150க்கும் அதிகமான அசையாச் சொத்துகள். ஒவ்வொன்றுக்கும் ஏட்டில் ஒரு பெயர் பிழையில்லாமல் இருந்திருக்கும். பெயருக்குப் பின்னால் இருக்கும் பணம் யாருடையது என்பது உரிமை ஏடு கேட்கும் கேள்வியே அல்ல. அதற்கு முன்பே, 2010இல், நில ஆணையத்தின் தொழில்நுட்பப் பிரிவுத் துணை இயக்குநர் போலிக் கணினிப் பராமரிப்பு ஒப்பந்தங்களால் 1.2 கோடி வெள்ளிக்கு மேல் சுருட்டியது வெளிப்பட்டது. அவருக்கு 22 ஆண்டுச் சிறை. 2024 டிசம்பரில் நிறுவனப் பதிவகத்தின் புதிய இணையத்தளம் மக்களின் முழு அடையாள அட்டை எண்களைத் தேடுவோருக்கெல்லாம் காட்டியது. சில நாள்களில் அந்தத் தேடல் வசதி நிறுத்தப்பட்டது. அது நில ஆவணம் அல்லதான். ஆனால் தகவல்கள் ஒரே எண்ணால் கோக்கப்படும்போது ஓர் இடத்தில் விடும் பிழை எத்தனை பேரைத் தொடும் என்பதை அந்தச் சில நாள்கள் காட்டின.

ஏட்டில் இருப்பதும் மக்களுக்குத் தெரிந்திருப்பதும் ஒன்றல்ல என்பதற்கு ஃபேரர் பார்க் திடலே சான்று. தலைமுறை தலைமுறையாகப் பந்து விளையாடிய அந்த இடம் 1998ஆம் ஆண்டுப் பெருந்திட்டத்திலேயே குடியிருப்புக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. திட்டம் பகிரங்கமானது, யாரும் மறைக்கவில்லை. ஆனாலும் ஏறத்தாழ 1,600 வீவக வீடுகள் வரப்போகின்றன என்று செய்தி வந்த பிறகுதான் பலர் விழித்தார்கள், திடலைக் காக்கக் குரல் எழுப்பினார்கள். திட்டத்தில் விளையாட்டு வசதிகளுக்கும் திறந்தவெளிக்கும் இடம் கிடைத்ததில் அந்தக் குரல்களுக்குப் பங்கு உண்டு. இன்னோர் உதாரணம் கேலாங் லோரோங் 3. அங்கே 191 வீடுகளின் 60 ஆண்டுக் குத்தகை 2020 டிசம்பர் 31 அன்று முடிந்தது. தேதி ஏட்டில் இருந்தது. நில ஆணையம் 2017இலேயே வீட்டுக்காரர்களிடம் நேரில் சொன்னது. அப்படியும் பலருக்கு அது பேரிடியாகவே விழுந்தது.

எனவே தமிழ்நாட்டிலிருந்து சிங்கப்பூருக்குப் பார்வையிட வரும் அதிகாரிகள் மென்பொருளை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினால் பயனில்லை. மென்பொருளைச் சென்னையிலேயே இதைவிட நன்றாக எழுதித் தருவார்கள். அவர்கள் எடுத்துச் செல்ல வேண்டியவை வேறு. புல எண்ணை மூன்று துறைகளுக்கும் பொது அடையாளமாக்குவது. இந்திய அரசு கொண்டுவந்திருக்கும் 14 இலக்க நில எண் அதற்குக் கைகொடுக்கும். பெயர் மாற்றத்துக்கு ஒரே அலுவலகம் பொறுப்பு, மற்றவை அங்கிருந்து பெற்றுக்கொள்ள வேண்டும் என்று சட்டத்தில் எழுதுவது. யுடிஆர் பிழைகளைக் கிராமசபையில் வாசித்துத் திருத்திய பிறகே ஏட்டை முடிவானதாக அறிவிப்பது. ஊரில் இல்லாதவருக்கு மாதங்கள் அல்ல, ஆண்டுகள் அவகாசம் தருவது. உரிமையியல் நீதிமன்றத்தின் கதவைச் சாத்தாமல் இருப்பது. எல்லாவற்றுக்கும் மேலாக, அரசின் பிழையால் நிலத்தை இழந்தவருக்குக் கொடுக்க ஓர் இழப்பீட்டு நிதி. ஒரே ஒரு வட்டத்தில், ஐந்தாறு ஆண்டுகளுக்கு இதை நடத்திப் பார்க்கலாம். அந்த நிதிக்கான தொகை மாநில வரவு செலவுத் திட்டத்தில் எந்த ஆண்டு முதன்முதலாக ஒரு வரியாக இடம்பெறுகிறதோ, அந்த ஆண்டில் தமிழ்நாட்டில் நில ஆவணச் சீர்திருத்தம் தொடங்கியது என்று எழுதிக்கொள்ளலாம்.